உங்க வாயால சொல்லுங்க

“இதோ, இடது பக்கத்திலிருந்து சிஸ்டர் வருகிறார்! கையில் தெர்மாமீட்டர்! தாத்தாவின் கட்டிலைத் தாண்டுகிறார், தாத்தா காலை நீட்டித் தடுக்கப் பார்க்கிறார், பலிக்கவில்லை! ஜன்னல் கட்டிலை நெருங்குகிறார்... நெருங்குகிறார்... ஆ! பேஷண்ட் வாயைத் திறந்துவிட்டார்!”

வார்டே சிரித்தது. வாயைத் திறந்த பேஷண்ட் வேறு யாருமில்லை, இவ்வளவு நேரம் கத்தியவரேதான். சிஸ்டர் தெர்மாமீட்டரை வைத்து அந்த வாயை அடைத்த பிறகுதான், சர்ஜரி வார்டில் மின்விசிறி என்று ஒன்று சுற்றுவதே எல்லாருக்கும் காதில் விழுந்தது.

அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு, அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். பகலில் பஸ் டிப்போவில் கிளார்க். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ஃபுட்பால் மைதானத்தில் வர்ணனை. பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் போதும், அவர் குரல் படியேற ஆரம்பித்துவிடும். கோல் விழுந்தால் அவர் “கோ” என்று தொடங்குவார். “ல்” வந்து சேர்வதற்குள் எதிரணிக்காரர்கள் பந்தை நடுவில் கொண்டு வந்து வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பார்கள். மழை கொட்டினாலும் மைதானத்தில் கூட்டம் குறையாது. ஆட்டம் சுமாராக இருந்தாலும் வர்ணனை சூப்பராக இருக்கும் என்று நம்பி வருகிற கூட்டம் அது.

சிஸ்டருக்கு இதெல்லாம் நேற்று அவர் வந்து படுத்த பிறகுதான் தெரியும். பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தாண்டி அவருக்கு ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் வார்டுக்குள் வந்ததிலிருந்து எல்லாருக்கும் வலி கொஞ்சம் குறைந்தது போல இருந்ததைக் கவனித்திருந்தார். நேற்று முழுக்க முனகிக்கொண்டே கிடந்த தாத்தாகூட இப்போது காலை நீட்டித் தடுக்கப் பார்க்கிறாரே!

மைக் அண்ணனுக்குக் கழுத்தில் கட்டி. முகம் மழிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இன்று காலையில் ஆபரேஷன். தைராய்டு சுரப்பியில் பாதியை எடுக்கிறார்கள்.

சிஸ்டருக்கு விடிந்ததிலிருந்து ஒரு உறுத்தல். டியூட்டிக்கு வந்து பையைக்கூட வைக்கவில்லை, மைக் அண்ணனின் மனைவி ஓடி வந்து, படுக்கை விரிப்பு அடுக்கும் அலமாரிப் பக்கம் அவரை இழுத்துப் போனார்.

“சிஸ்டர், அவர்கிட்ட ஆபரேஷன் பத்தி எதுவும் பேசிடாதீங்க. சின்னக் கட்டி, எடுத்துடுவாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம்.”

“ஏன், பெரிய கட்டியா?”

“கட்டி சின்னதுதான். டாக்டரம்மா வேற என்னென்னமோ சொன்னாங்க. அதெல்லாம் அவருக்கு எதுக்கு? மனுஷன் பயந்துடுவார்.”

‘என்ன சொன்னாங்க’ என்று கேட்க வாயெடுப்பதற்குள் வார்டு போன் அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். அந்தக் கேள்வி சிஸ்டரின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இப்போது ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்தாயிற்று. டிராலி தள்ளுகிறவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். அவர் தள்ளினால் திருப்பத்தில் நோயாளிகள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். எக்ஸ்பிரஸ் டிராலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். மைக் அண்ணன் பச்சை அங்கியோடு அதில் தாவி ஏறி உட்கார்ந்தார். சிஸ்டர் கையில் சின்னக் கிண்ணம். அதற்குள் ஒரு மாத்திரை. போட்டால் கொஞ்ச நேரத்தில் ஆள் சொக்கிப்போய், எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு சரி என்பார். ஆபரேஷனுக்கு முன்னால் பதற்றம் தணிய மயக்க டாக்டர் எழுதித் தருவது.

அந்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் சிஸ்டர் ஒரு காரியம் செய்வார். எல்லா நர்ஸும் செய்வதுதான், ஆனால் இவர் செய்கிற விதம் வேறு. “கழுத்து ஆபரேஷன்தானே?” என்று இவர் கேட்கவே மாட்டார். ஏனென்றால் தலையாட்டுவதில் நோயாளிகளை மிஞ்ச ஆளில்லை. அப்பெண்டிக்ஸ்தானே என்றால் ஆட்டுவார்கள். கிட்னிதானே என்றாலும் ஆட்டுவார்கள். வெள்ளைக் கோட்டும் வெறும் வயிறும் சேர்ந்துவிட்டால் மனிதன் எதற்கும் தலையாட்டுவான். அதனால் இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“உங்களுக்கு என்ன செய்யப் போறாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க.”

கூட வேலை செய்கிற பெண்கள் இதைக் கேலி செய்வார்கள். “அக்கா வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்றாங்க, ஓடுங்க!” என்பார்கள். சிஸ்டர் கண்டுகொள்ள மாட்டார்.

மைக் அண்ணனுக்குக் கேள்வி பிடித்துவிட்டது. வாயால் சொல்வதற்கென்றே பிறந்தவர் அல்லவா!

“கேளுங்க சிஸ்டர். கழுத்துல ஒரு கட்டி. கோலிக்குண்டு சைஸ். அதை நோண்டி எடுத்துட்டுத் தையல் போடுவாங்க. நாளைக்கு வீடு. ஞாயித்துக்கிழமை ஃபைனல்! எங்க டிப்போ டீமும் தீயணைப்பு டீமும். டிப்போ கடைசியா ஃபைனலுக்கு வந்தப்போ எனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு, பார்த்துக்குங்க. கழுத்துல ஒரு துண்டைச் சுத்திக்கிட்டு மைக்கைப் பிடிச்சேன்னா...”

சிஸ்டரின் கை கிண்ணத்தோடு அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமையா? தைராய்டு ஆபரேஷன் முடிந்து, மூன்றே நாளில், மைக்கா?

“டாக்டரம்மா உங்ககிட்ட வேற என்ன சொன்னாங்க?”

“அவங்க எங்கிட்ட எங்க பேசினாங்க? அன்னைக்கு டாக்டரைப் பார்க்க வந்தப்போ உள்ள கூப்பிடறாங்க, வெளியில வரிசையில உட்கார்ந்திருந்த பசங்க என்னை விடல. ‘அண்ணே, செமிஃபைனல் கோலை ஒரே ஒரு தடவை சொல்லிட்டுப் போங்கண்ணே’ன்னு. இவ, ‘நீங்க சொல்லிட்டிருங்க, நான் போய்க் கேட்டுக்கறேன்’னு உள்ள போயிட்டா. எங்க வீட்டு சுகாதார மந்திரி இவதானே!”

“கையெழுத்து?”

“அது நான்தான் போட்டேன். சின்ன டாக்டர் பேப்பரை நீட்டினார், போட்டேன். அப்புறம் இன்னொரு வெள்ளைப் பேப்பரை நீட்டினார். என்னன்னு கேட்டா, ‘ஆட்டோகிராஃப் சார், எங்க அப்பா உங்க ரசிகர்’ங்கறார். அதையும் போட்டேன்!”

தாத்தா கெக்கெக்கென்று சிரித்தார். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். மைக் அண்ணனின் தலைமாட்டில், அவர் கண்ணுக்குப் படாத இடத்தில் மனைவி நின்றுகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, கிளம்பலாமா? தியேட்டர்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்றார் எக்ஸ்பிரஸ்.

மைக் அண்ணன் கிண்ணத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். “இதோ, ஆட்டத்தின் கடைசி நிமிடம்! மாத்திரை மேலே எழும்புகிறது... வாயை நோக்கி வருகிறது...”

அவர் விரல் மாத்திரையைத் தொட்டேவிட்டது. சிஸ்டர் வெடுக்கென்று கிண்ணத்தைப் பின்னால் இழுத்தார்.

“ஃபவுல்!” என்று கத்தினார் மைக் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் கத்தினார். பிறகு சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது. “என்ன சிஸ்டர்? எதுக்குப் பிடுங்கினீங்க?”

அதற்குள் மனைவியின் தம்பி ஃபிளாஸ்க்கும் கையுமாக உள்ளே வந்தார். வந்த வேகத்திலேயே நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டார்.

“சிஸ்டர், நாங்க குடும்பமா உட்கார்ந்து பேசி முடிவு பண்ணின விஷயம் இது. நீங்க உங்க வேலையைப் பாருங்க. மாத்திரையைக் குடுங்க.”

“இதுதாங்க என் வேலை” என்றார் சிஸ்டர்.

மைக் அண்ணன் தலையைத் திருப்பினார். “எந்தக் குடும்பம்டா மச்சான்? நான் இல்லாத குடும்பமா?”

மச்சான் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“சிஸ்டர், இவங்க என்னமோ மறைக்கறாங்க. நீங்க சொல்லுங்க.”

சிஸ்டர் நினைத்தால் சொல்லிவிடலாம்தான். வார்டில் இத்தனை வருடம் நின்றவருக்குத் தெரியாதா? ஆனால் கத்தியைப் பிடிக்கிறவர் வாயால் வரவேண்டிய பேச்சு அது. பாதி தெரிந்ததைப் பாதி சொல்லி ஒரு மனிதனைக் கலக்கிவிடக் கூடாது.

“அதைச் சொல்ல வேண்டியது ஆபரேஷன் பண்றவங்க. அவங்க இங்க வந்து, உங்க எதிர்ல உட்கார்ந்து, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். நீங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும். அப்புறம் நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். அதுவரைக்கும் இந்த வண்டி நகராது.”

சொல்லிவிட்டு டிராலியின் பிரேக்கைக் காலால் ஓங்கி மிதித்தார். டக் என்று விழுந்தது. எக்ஸ்பிரஸ் வாயைப் பிளந்தார். அவர் வண்டிக்கு பிரேக் இருப்பதையே அன்றுதான் பார்த்தார் போலிருக்கிறது.

சிஸ்டர் போனை எடுத்துத் தியேட்டருக்கு அடித்தார். சின்ன டாக்டர்தான் எடுத்தார்.

“சிஸ்டர், எங்க பேஷண்ட்? மேடம் ஆபரேஷனுக்குக் கை கழுவப் போறாங்க!”

“கழுவ வேண்டாம்னு சொல்லுங்க டாக்டர். பேஷண்டுக்கு என்ன ஆபரேஷன்னே தெரியாது.”

“கையெழுத்து ஆயிடுச்சே!”

“கையெழுத்து ஆயிடுச்சு. விஷயம் ஆகல. நீங்க என்ன சொல்லி வாங்கினீங்க?”

“மேடம் அவங்க வீட்டம்மாகிட்ட எல்லாம் விளக்கிட்டாங்கன்னு நினைச்சேன்...”

“கழுத்து யாரோடது டாக்டர்?”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெரிய சிஸ்டர் நிற்கிறார். இந்த மாடிக்கே பொறுப்பு அவர்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் புயல் என்று அர்த்தம்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க? ஒரு கேஸ் நின்னா பின்னாடி எல்லாக் கேஸும் நிக்கும். நாளைக்கு உனக்கு மெமோ வந்தா நான் என்ன பண்றது?”

“வந்தா வாங்கிக்கறேன் மேடம். ஆனா மாத்திரையைக் குடுத்துட்டா அதுக்கப்புறம் அவரை யார் கேட்டும் பிரயோஜனமில்ல. அவர் முழிப்பா இருக்கற நேரம் இதுதான்.”

பெரிய சிஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மைக் அண்ணனின் மனைவி வெடித்துவிட்டார்.

“குரல் போயிடலாம்னு சொன்னா அவர் ஆபரேஷனே வேண்டாம்பார் சிஸ்டர்! இது உங்களுக்கு ஏன் புரிய மாட்டேங்குது?”

வார்டு முழுவதும் கேட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மின்விசிறி மறுபடியும் காதில் விழுந்தது.

மைக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இத்தனை பேர் சுற்றி நிற்கும்போது அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். கட்டியைத் தொடவில்லை. அதற்குக் கொஞ்சம் பக்கத்தில், குரல் அதிர்கிற இடத்தைத் தொட்டார்.

“குரலா?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

வராந்தாவில் ரப்பர் செருப்புச் சத்தம் பட்பட்டென்று வந்தது. பெரிய டாக்டரம்மா, தலையில் தியேட்டர் குல்லாயோடு. பின்னால் சின்ன டாக்டர், முகம் வெளிறிப்போய்.

“யார் நிறுத்தினது?”

“நான்தான் மேடம்” என்றார் சிஸ்டர்.

“மாத்திரை குடுத்தாச்சா?”

“இல்ல மேடம். அதனாலதான் இப்பவே கூப்பிட்டேன். இவருக்குக் கட்டி எடுக்கறாங்கங்கறது மட்டும்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை மைதானத்துல மைக் பிடிக்கப் போறேங்கறார்.”

டாக்டரம்மா மைக் அண்ணனைப் பார்த்தார். “மைக்கா? நீங்க கிளார்க் இல்லையா?”

“பகல்ல கிளார்க் டாக்டர்” என்றார் அவர்.

டாக்டரம்மாவின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு டிராலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிஸ்டர் உடனே திரையைச் சுற்றி இழுத்தார்.

“அட, நல்ல கட்டத்துல திரையைப் போட்டுட்டாங்களே!” என்றார் தாத்தா.

“இது உங்க மேட்ச் இல்ல தாத்தா, திரும்பிப் படுங்க” என்ற சிஸ்டர், மைக் அண்ணனிடம் குனிந்தார். “இப்போ டாக்டரம்மா பேசுவாங்க. உங்க கூட யார் இருக்கணும், நீங்க சொல்லுங்க.”

அவர் யோசித்தார். “அவ இருக்கட்டும். மச்சான் வெளிய நின்னு டீ குடிக்கட்டும். நீங்களும் இருங்க சிஸ்டர்.”

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கழுத்தை வரைந்தார். பட்டாம்பூச்சி மாதிரி தைராய்டு, அதில் ஒரு இறக்கையில் கட்டி, அதற்குப் பின்னாலேயே நூல் மாதிரி ஒரு கோடு. “இது குரலுக்குப் போற நரம்பு. இதுல கை படாமத்தான் எடுப்போம். ஆனா சில பேருக்குக் கொஞ்ச நாள் குரல் கட்டிக்கும். ரொம்பச் சில பேருக்கு அப்படியே நின்னுடும்.”

“பேச வருமா?”

“பேச்சு பெரும்பாலும் வந்துடும். உச்சத்துல ஏத்திக் கத்தறீங்களே, அதுக்கு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது.”

“கட்டியை அப்படியே விட்டுட்டா?”

“ஊசி வச்சு எடுத்துப் பார்த்ததுல நல்லதா கெட்டதான்னு உறுதியாத் தெரியல. எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். கெட்டதா இருந்தா விடறது ஆபத்து. இல்ல, அடிக்கடி ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னா அதுவும் ஒரு வழிதான். ஆனா அது நான் சொல்ற வழி இல்ல. முடிவு உங்களோடது. வேற டாக்டரைக் கேக்கணும்னாலும் தாராளமா கேளுங்க, ரிப்போர்ட் எல்லாம் தந்துடறோம்.”

மைக் அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“டிப்போவுல ஒரு பஸ் லேட்டானாக்கூட என்னைக் கேக்கறாங்க. என் கழுத்துக்கு என்னைக் கேக்க ஒரு நாதியில்லையா?”

“நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?” மனைவி அழுதார். “எனக்கு உங்க குரல் வேணாம், நீங்க வேணும்.”

“அப்படின்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் கேட்டிருப்பேன். கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறம் கேட்டிருப்பேன்.” டாக்டரம்மாவிடம் திரும்பினார். “டாக்டர், இன்னைக்கே பண்ணணுமா? ஒரு வாரம் போனா குடி முழுகிடுமா?”

“ஒரு வாரத்துல ஒண்ணும் ஆகாது. சொல்லப் போனா, நீங்க குரலை வச்சுத் தொழில் பண்றவர்னு தெரிஞ்சிருந்தா, முதல்ல உங்க குரல் நாணைச் சோதிச்சுட்டுத்தான் தேதியே குடுத்திருப்பேன். அதை இந்த வாரம் பண்ணிடலாம். ஏன், இந்த வாரம் என்ன விசேஷம்? ஞாயித்துக்கிழமை என்ன?”

“ஃபைனல்!” என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மொத்த வார்டும் கத்தியது. நடுவில் எக்ஸ்பிரஸின் குரலும் தெளிவாகக் கேட்டது.

டாக்டரம்மா குல்லாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தே விட்டார். “திரை போட்டு என்ன பிரயோஜனம்!”

“ஞாயித்துக்கிழமை பேசிட்டு வரேன் டாக்டர்” என்றார் மைக் அண்ணன். குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. “வயிறு நிறையப் பேசிட்டு வரேன். அடுத்த வியாழன் நீங்க கூப்பிடாமலே வந்து படுத்துக்கறேன். எடுத்துடுங்க. போறது போகட்டும், ஆனா நான் சொல்லித்தான் போகணும்.”

வெளியே வந்த டாக்டரம்மா சிஸ்டரிடம் மெல்லச் சொன்னார். “அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடுங்க.”

“அடுத்த தடவை நீங்களும் அவரையே கேட்டுடுங்க மேடம்.” சொன்ன பிறகு சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா ஒரு நொடி நின்றார். “சரி” என்றார். போகிற போக்கில் சின்ன டாக்டரைப் பார்த்து, “நீ ஆட்டோகிராஃப் வாங்கினது எங்க இருக்கு? கொண்டா, நானும் பாக்கணும்” என்றார். அந்தப் பையன் முகம் போன போக்கை வார்டு வெகுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

தியேட்டர் காலியாக இருக்கிறதே என்று பட்டியலில் அடுத்து இருந்த தாத்தாவை எடுத்தார்கள். சிஸ்டர் கிண்ணத்தோடு போய் நின்றதுமே தாத்தா ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். “குடலிறக்கம். வலது பக்கம். வலை வச்சுத் தைப்பாங்க. எல்லாம் தெரியும். ஆனா எதுக்கும் கேட்டுக்கறேன், என் குரலுக்கு ஒண்ணும் ஆகாதே?”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிஸ்டருக்கு டியூட்டி. வார்டில் எல்லாரும் ஜன்னல் கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தைத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாத்தாவும் ஆஜர். மச்சான் மைதானத்திலிருந்து எக்ஸ்பிரஸின் செல்போனுக்கு அடித்து, போனை ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடிய கைக்கு ஒரு நல்ல வேலை கிடைத்துவிட்டது.

பெரிய சிஸ்டர் வந்தார். “இது ஆஸ்பத்திரியா, டீக்கடையா? சத்தத்தைக் குறைங்க.” குறைத்தார்கள். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். “என்ன சொல்றார், ஒண்ணும் கேக்கலையே. ஏத்துங்க.” ஏற்றினார்கள்.

“...தீயணைப்பு அணியின் கோட்டையில் தீப்பிடித்துவிட்டது! அணைக்க ஆளில்லை! டிப்போவின் பஸ் கிளம்பிவிட்டது, எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை, ஒருவரைத் தாண்டுகிறது, இருவரைத் தாண்டுகிறது! கோல்கீப்பரே, உங்க வாயால சொல்லுங்க, பந்து எங்கே? பந்து எங்கே? அவருக்குத் தெரியாது! எனக்குத் தெரியும்! வலைக்குள்ளே! கோ...”

அந்த “கோ” போய்க்கொண்டே இருந்தது. தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எக்ஸ்பிரஸ் காலி டிராலியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஒரு ஓட்டம் ஓடித் திரும்பினார். அப்போதும் “ல்” வரவில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் அடித்தொண்டையில் கூவிக்கொண்டிருந்தது. யாரென்று சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடமும் சமையலறை ஜன்னல் வழியாகவே வர்ணனை கேட்டுப் பழகிய மைக் அண்ணனின் மனைவி, அன்றைக்கு மைதானத்துக்கே போயிருந்தார். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தைப் பற்றி இப்போதும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் மைக் அண்ணன் சொன்னபடி வந்து படுத்தார். குரல் நாண் பரிசோதனை நல்லபடியாக முடிந்திருந்தது. சிஸ்டர் கிண்ணத்தோடு வந்தார். சின்ன டாக்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி இந்தத் தடவை தலைமாட்டில் ஒளியவில்லை, எதிரே நின்றார்.

“உங்க வாயால சொல்லுங்க.”

“தைராய்டுல பாதி எடுக்கறாங்க. பின்னாடி குரல் நரம்பு இருக்கு. கொஞ்ச நாள் குரல் கட்டலாம். ஒருவேளை திரும்பாமலே போகலாம். எடுக்காம விட்டா, குரலைவிடப் பெருசா உயிரே போகலாம். எல்லாம் கேட்டேன், டாக்டர் எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க. வீட்டுல சண்டையும் போட்டாச்சு.” மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். “தெரிஞ்சுதான் வந்திருக்கேன். சம்மதம்.”

சிஸ்டர் கிண்ணத்தை நீட்டினார். எக்ஸ்பிரஸ் பிரேக்கை எடுத்தார். தியேட்டர் கதவு வரைக்கும் வர்ணனை கேட்டது.

மதியத்துக்குப் பிறகு கொண்டு வந்து விட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டு. வார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. தையல் பிரிக்க வந்திருந்த தாத்தா, வீட்டுக்குப் போகாமல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மைக் அண்ணன் கண் திறந்தார். சிஸ்டர் தெர்மாமீட்டரோடு இடது பக்கத்திலிருந்து வருவதைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“இ... தோ...”

காற்றுப் போன பந்தை உதைத்த மாதிரி ஒரு சத்தம். எல்லார் முகமும் தொங்கிவிட்டது. கட்டைப் பார்க்க வந்த டாக்டரம்மா, “நரம்பு பத்திரமாத்தான் இருக்கு. வீக்கம் வடியட்டும். போகப் போகத்தான் தெரியும்” என்றார்.

மைக் அண்ணன் முகம் மட்டும் தொங்கவில்லை. சிஸ்டரைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். சிஸ்டர் காதைக் கொண்டுபோனார்.

“இடைவேளை” என்றார், கீச்சென்று.

சிஸ்டர் அதை வார்டுக்குச் சொன்னார். சிரிப்பு கிளம்பியது, ஆனால் பாதியில் நின்றது. ஏதோ குறைந்தது. அப்போது மைக் அண்ணனின் மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பக்கம் குனிந்தார்.

“நான் சொல்லட்டுமா?”

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“ம்ஹூம். தலையாட்டினா செல்லாது. உங்க வாயால சொல்லுங்க.”

“சொல்லு” என்றார் மைக் அண்ணன், இருக்கிற காற்றையெல்லாம் கூட்டி.

அந்தம்மா நிமிர்ந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

“இதோ, இடது பக்கத்திலிருந்து சிஸ்டர் வருகிறார்! கையில் தெர்மாமீட்டர்! தாத்தாவைத் தாண்டிவிட்டார்...”

மைக் அண்ணன் படுத்தபடியே கையை மேலே மேலே தூக்கினார், இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து என்று. குரல் படியேறியது. தாத்தா காலை நீட்டினார்.